ரம்பத்தின் பல்லை மழுக்கும் மரம்!

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் போகும் சாலையில் இன்று மாட்டு வண்டியைப் பார்ப்பது அரிது. கார் ஏற்றிய லாரிகள்தான் வரிசையாக ஓடுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு ஹூண்டாய் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான் தொழிற்சாலையும், 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் வேலையைத் தொடங்கின.

அதற்கு முன்பும் இங்கே சக்கரங்கள் ஓடின. அவை ரப்பர் சக்கரங்கள் அல்ல, மரச் சக்கரங்கள். அந்தச் சக்கரத்துக்குப் பேர்போன மரம் எது தெரியுமா?

கருவேலம்!

வண்டிச் சக்கரத்தின் குடம், ஆரக்கால், வட்டை எல்லாவற்றுக்கும் தச்சர்கள் கருவேலத்தைத் தேடிப் போவார்கள். ஏர்க் கலப்பைக்கும் நுகத்தடிக்கும் அதே மரம்தான். காரணம் அதன் உறுதி. காய்ந்த கருவேலம் ஒரு கன மீட்டர் சுமார் 800 கிலோ எடை இருக்கும். தேக்கு அவ்வளவு வராது. மூட்டை ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் கருவேல ஆரக்கால் லேசில் ஒடியாது.

வெட்டிய மரத்தை உடனே இழைத்துவிட மாட்டார்கள். குளத்துத் தண்ணீரில் பல வாரம் ஊறப்போடுவார்கள். ஊறிய மரத்தைப் பூச்சி எளிதில் அரிப்பதில்லை.

புழு காட்டிய வழி

இத்தகைய மரத்தைக் கோடரியால் சாய்ப்பது சாமானிய வேலையா? அதிலும் இரண்டு அங்குல நீள முள்! முதலில் முள்ளைக் கழித்து வழி உண்டாக்க வேண்டும். பிறகு இரண்டு ஆட்கள் எதிரும் புதிருமாக நின்று பெரிய ரம்பத்தை இழுக்க வேண்டும்.

இன்று சங்கிலி ரம்பம் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்ற எஞ்சினீயர் 1926-ம் ஆண்டு மின்சாரச் சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்தார். 1929-ல் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைக் கொண்டுவந்தார். அதைத் தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும்!

சங்கிலியின் பல் அப்போது சரியாக அமையவில்லை. அடிக்கடி மழுங்கியது. அதற்கு வழி காட்டியது ஒரு புழு என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவர் 1946-ம் ஆண்டு விறகு பிளந்துகொண்டிருந்தார். கட்டைக்குள் ஒரு வண்டின் புழு. விரல் பருமன்தான். ஆனால் அது மரத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் சுலபமாக அரித்துக்கொண்டு போயிற்று. காக்ஸ் அதன் வாயை உற்றுப் பார்த்தார். வலமும் இடமும் வளைந்த இரண்டு தாடைகள்! அதே மாதிரி வலம் ஒரு பல், இடம் ஒரு பல் என்று மாற்றி மாற்றி வைத்துச் சங்கிலி செய்தார். 1947-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் ஓடும் ரம்பச் சங்கிலிகள் அந்த வழியில் வந்தவைதான்.

காலைக் காக்கும் கால்சட்டை

முழு வேகத்தில் ஓடும்போது இந்தச் சங்கிலி மணிக்கு 70 கிலோ மீட்டர் வேகத்தில் பாய்கிறது. நம் சாலையில் ஓடும் லாரியின் வேகம்! அது கையில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பச்சை மரத்தை அறுப்பது எளிது. காய்ந்த கருவேலம் கல்போல் இறுகிவிடும். ஏரிக்குள் நின்ற மரம் என்றால் பட்டை இடுக்கில் சேறும் மணலும் ஒட்டியிருக்கும். மணல் பட்டால் பல் உடனே மழுங்கும். தூளுக்குப் பதிலாக மாவு கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது ரம்பத்தை அழுத்திப் பயன் இல்லை. நிறுத்திவிட்டு, உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் தீட்ட வேண்டும்.

மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் கால் பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கம் அறுப்பார்கள். முழுவதும் அறுத்துவிடக் கூடாது. நடுவில் பத்தில் ஒரு பங்கை விட வேண்டும். அது கதவின் கீல் மாதிரி மரத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்ன பக்கம் படுக்க வைக்கும்.

பெரிய ஆபத்து ரம்பத்தின் நுனியில் இருக்கிறது. நுனியின் மேல்பாகம் ஒரு கிளையில் இடித்தால் போதும். கண் இமைக்கும் நேரத்தில் ரம்பம் ஆளின் முகத்தை நோக்கித் துள்ளும்! அதற்காகத்தான் கைப்பிடிக்கு முன்னால் பிரேக் வைத்திருக்கிறார்கள். காலுக்கென்று தனிக் கால்சட்டையும் உண்டு. சங்கிலி பட்டால் அதில் இருக்கும் நீள நார்கள் வெளிவந்து பற்சக்கரத்தில் சிக்கி ரம்பத்தை நிறுத்திவிடும். கைலியும் ரப்பர் செருப்புமாக ரம்பம் பிடிக்கும் தொழிலாளிக்கு இதை வாங்கிக் கொடுப்பது, ஏலம் எடுத்தவரின் கடமை அல்லவா?

பெயரால் வந்த வினை

காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஏரிகள் நிறைந்த சீமை. தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் கருவேலம் அழுகாது. எனவே தமிழக ஏரிகளில் வனத்துறை இதை நிறைய நட்டது. 1981-ல் சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்திலும் கருவேலம் முக்கிய இடம் பெற்றது. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் மரங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு மரம் இருக்கிறது. சீமைக் கருவேலம்! அமெரிக்கக் கண்டத்தில் இருந்து 19-ம் நூற்றாண்டில் வந்தது. காலி மனை, ஏரி, வாய்க்கால் என்று எங்கும் பரவிவிட்டது. 2017-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் தமிழக அரசும் அயல் தாவரங்களை ஒழிக்கக் கொள்கை வெளியிட்டது.

இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோல இருப்பதுதான் தொல்லை. "கருவேலத்தை வெட்டு" என்றால் எதை வெட்டுவது? பார்த்தால் தெரிந்துவிடும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய், மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே ஒடுங்கி இருக்கும். பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல்போல நீண்டு தொங்கும். காய் அப்படி ஒடுங்காமல் ஒரே சீராக இருக்கும். பழுத்தால் மஞ்சள் நிறம்.

மாற்றி வெட்டினால் என்ன ஆகும்? நாட்டுக் கருவேலம் அடியோடு வெட்டினால் பெரும்பாலும் மறுபடி தழைப்பதில்லை. அதன் பிசினும் போயிற்று, ஆடு தின்னும் காயும் போயிற்று. சீமைக் கருவேலம் நேர்மாறு. ரம்பத்தால் அறுத்த அடிக்கட்டையில் இருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்விடும். அதை ஒழிக்க ரம்பம் போதாது. பின்னாலேயே பொக்லைன் வந்து வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளை, சிறிதாக இருக்கும்போதே கையால் பிடுங்க வேண்டும்.