காபி, மிளகு, நியான்

லீ பஜாரில் மிளகும் காபிக்கொட்டையும் மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு விளக்குக் கலையைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். 1981-ல் எங்கள் கடை முகப்பில் நியான் பலகை மாட்டினோம். அது ஒரு நாள் கடையையே கொளுத்தப் பார்த்தது. அந்த ஒரு யோக்கியதைதான்.

"காபி, மிளகு, ஜவ்வரிசி" என்று எழுதச் சொன்னார் என் தகப்பனார். பெங்களூரில் பட்டறை வைத்திருந்த கண்ணாடிக்காரர், "ஐயா, ஜவ்வரிசியை விட்டுவிடுங்கள், 'ஜ' வளைக்கும்போது உடைந்துகொண்டே போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே காபியும் மிளகும் மட்டும் சிவப்பாக எரிந்தன.

அவர் வேலை செய்ததை நான் நேரில் பார்த்தேன். கண்ணாடிக் குழாயைத் தீச்சுடரில் இளக்கி, தரையில் விரித்த காகிதத்தில் உள்ள எழுத்தின்மேல் வைத்து வளைப்பார். வளைகிற இடம் ஒட்டிப் போகாமலிருக்க, குழாயின் ஒரு முனையில் மாட்டிய ரப்பர் குழலை வாயில் கடித்துக்கொண்டு மெல்ல ஊதுவார். சில நொடிகள்தான் அவகாசம். அதற்குள் கண்ணாடி இறுகிவிடும். ஒரு சொல் முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே குழாய்தான். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே ஓடும் பகுதியைக் கறுப்புச் சாயம் பூசி மறைப்பார்கள். பிறகு இரு முனையிலும் மின்வாய் ஒட்டி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பு வைத்து இழுத்து, குழாயைச் சூடேற்றி அழுக்கை வெளியேற்றி, மிகக் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயுவை விட்டு மூடுவார். நியான் தருவது செம்மஞ்சள் கலந்த சிவப்பு மட்டுமே. நீலம் வேண்டுமானால் ஆர்கான் வாயுவும் ஒரு துளிப் பாதரசமும்.

குழாயில் குறையில்லை. வயர் இழுத்த ஆள்தான் செலவைச் சுருக்கிவிட்டார். நியானுக்கு வீட்டு மின்சாரம் போதாது. டிரான்ஸ்பார்மர் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றும். அதற்கென்று தடித்த உறை போட்ட வயரும், பீங்கான் அல்லது கண்ணாடித் தாங்கிகளும் வேண்டும். எங்கள் கடையில் சாதாரண வயரை மரச்சட்டத்தோடு ஆணியடித்திருந்தார்கள். ஐப்பசி மழையில் நனைந்த சட்டத்தில் பொறி பறந்து, உள்ளே அடுக்கியிருந்த சாக்குக் கட்டுகள் புகைந்தன. காவல்காரருக்கு நாற்றம் தெரிந்ததால் பிழைத்தோம். மறுநாள் காலை அப்பா பலகையைக் கழற்றி, வைக்கோல் சுற்றி, ஏற்காட்டில் நாங்கள் காபிக்கொட்டை வைக்கும் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டார். அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

இந்த வாயுவுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1898-ல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் நியானைக் கண்டுபிடித்தார்கள். பெங்களூரில் அறிவியல் கழகம் அமையலாம் என்று யோசனை சொன்னவர் ராம்சே. அதன் முதல் இயக்குநராக வந்தவர் டிராவர்ஸ். ஒரு லட்சம் லிட்டர் காற்றைப் பிரித்தால் நியான் இரண்டு லிட்டர்கூடத் தேறாது. 1910-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் இதை விளக்காக்கிக் காட்டினார். 1912-ல் கடை விளம்பரத்துக்கு முதலில் வாங்கி மாட்டியவர் ஒரு முடிதிருத்துபவர் என்பதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சிறு வியாபாரிதான் முதல் போணி!

கலைஞர்கள் பிறகுதான் வந்தார்கள். இத்தாலியில் லூசியோ ஃபோன்டானா 1951-ல் மிலன் கண்காட்சிப் படிக்கட்டின்மேல் பெரிய நியான் சுருளைத் தொங்கவிட்டார். அமெரிக்காவின் டான் ஃபிளேவின் 1963 முதல் கடையில் விற்கும் சாதாரண டியூப்லைட்டுகளையே வாங்கி மாட்டி, அறை முழுவதையும் நிறத்தில் முக்கினார். நமக்கு மிக நெருங்கியவர் புரூஸ் நாமன். சான் பிரான்சிஸ்கோவில் அவர் வேலை செய்த இடம் ஒரு பழைய மளிகைக் கடை. அங்கே விட்டுப்போன பீர் விளம்பர நியானைப் பார்த்துத்தான், 1967-ல் சிவப்பும் நீலமுமாகச் சுருண்டு ஓடும் வாசகம் ஒன்றைச் செய்து அதே கடைச் சன்னலில் மாட்டினார். அது இன்று உலகப் புகழ் பெற்ற கலைப்பொருள். மளிகைக் கடைக்காரர் பெயர் யாருக்கும் தெரியாது, போகட்டும்.

வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் அந்த நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். 1928-ல் இர்விங் லாங்முயர் வைத்த பெயர் அது. கண்ணாடி உருண்டைக்குள் மின்னல் இழைகள் ஆட, விரல் வைத்த இடத்துக்கு ஓடிவருமே, அதுவும் இதுதான். நம் கடை டியூப்லைட்டும் அந்தக் குடும்பமே. லேடீஸ் சீட்டில் நின்று இரவில் சேலத்தைப் பார்த்தால் முன்பெல்லாம் தெரிந்த மஞ்சள், சோடியம் வாயுவின் மஞ்சள். இப்போது பெரும்பாலும் எல்.இ.டி. வெள்ளை.

கட்டடக்கலை படிக்கும் என் பேத்தி சென்ற ஆண்டு பரணில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். கொட்டகையை இருட்டாக்கி, ஆட்கள் உள்ளே நடந்து பார்க்கும்படி வெளிச்சக் கூடம் அமைக்கப் போகிறேன் என்றாள். எனக்கு முதலில் சாக்குப் புகை நாற்றம்தான் ஞாபகம் வந்தது. முடியாது என்றேன். அவள் விடவில்லை. தகுதியுள்ள மின்பணியாளர், புதிய டிரான்ஸ்பார்மர், கோளாறு வந்தால் தானே நிற்கும் பாதுகாப்பு, கொட்டகையில் ஒரு சாக்குகூட இருக்கக் கூடாது என்று நான் போட்ட நிபந்தனைக்கெல்லாம் சம்மதித்தாள்.

மார்கழிப் பனியில் ஒரு மாலை சுவிட்சைப் போட்டார்கள். நாற்பது வருடத்துக்குப் பிறகு "காபி" எரிந்தது. "மிளகு" விரிசல் விட்டிருந்தது. கதவு வழியாகச் சிவப்பு வெளிச்சம் பனியில் பரவி வாசல் முழுவதும் நின்றது. தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்கள் உள்ளே போய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் சற்றுத் தள்ளி, மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றேன்.

"மிளகு" செய்ய ஆள் தேடினோம். பழைய கண்ணாடிக்காரர் காலமாகிவிட்டார்; மகன் வேறு தொழில். இப்போது கடைத்தெருவில் நியான் என்று விற்பது பிளாஸ்டிக் உறைக்குள் எல்.இ.டி. பட்டி, அதில் வாயுவே இல்லை. விலை குறைவு, உடையாது, குறைந்த வோல்ட். என் கடையிலும் அதுதான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேத்தி அதைக் கொட்டகைக்குள் விடமாட்டேன் என்கிறாள்.

பழைய நியான் பலகை கழற்றி வைத்திருக்கும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லிவைத்தால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன். நீலம், பச்சைக் குழாயில் பாதரசம் இருக்கலாம். உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். குழாய் வளைக்கத் தெரிந்தவர் யாரையாவது அறிவீர்களானால் அதையும் சொல்லுங்கள். கூலி அவர் கேட்டபடி.