ஓரடி முன்னே வாருங்கள்

நுவரெலியா மாவட்டப் பாடசாலை ஒன்றில், உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கும் மாணவர்களுக்குச் செயலமர்வு நடத்தக் கடந்த வருடம் போயிருந்தேன். சமூக ஏற்றத்தாழ்வை விளக்க, பல நாடுகளில் செய்யப்படும் ஒரு பயிற்சியைத் தெரிவுசெய்தேன். எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். "வீட்டில் படிப்பதற்கென்று மேசை இருப்பவர்கள் ஓரடி முன்னே வாருங்கள்", "தாயோ தகப்பனோ உயர்தரம் வரை படித்திருந்தால் ஓரடி முன்னே வாருங்கள்" என்று நான் வாசிக்க வாசிக்க வரிசை கலைந்தது.

முடிவில் "திரும்பிப் பாருங்கள்" என்றேன். தொடங்கிய கோட்டிலேயே ஒரு மாணவி தனியாக நின்றார். லயன் அறையிலிருந்து வருபவர். முழு வகுப்பும் பார்க்க, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தவறு என்னுடையது. இந்தப் பயிற்சியில் பாடம் படிப்பவர்கள் முன்னே நிற்பவர்கள். அதற்கான விலையைக் கொடுப்பவர் பின்னே நிற்பவர். தன்னிடம் மேசை இல்லை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். கேள்வி கேட்ட நானோ அந்தக் கோட்டில் நிற்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அதே வகுப்புக்குத் திரும்பிப் போனேன். முதலில் எனக்குக் கேட்காமலே கிடைத்தவற்றைச் சொன்னேன்: படித்த பெற்றோர், வீட்டில் பத்திரிகை, ரியூசன் காசு. 'சிறப்புரிமை' என்ற சொல்லைப் பலகையில் எழுதியதும், "அது எம்பிமாருக்குத்தானே மிஸ்" என்றான் ஒருவன். பாராளுமன்றச் செய்திகளில்தான் அவன் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறான். 'உழைக்காமலே கிடைத்த முன்னிலை' என்று மாற்றி எழுதினேன்.

பிறகு இரண்டு கற்பனைப் பாத்திரங்களை அட்டைகளில் கொடுத்தேன். ஒருவர் ஹட்டன் நகரில் ஆசிரியத் தம்பதியின் மகன். மற்றவர் கொழுந்து பறிக்கும் தாயின் மகள். இருவரும் ஒரே பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கொழும்புடன் ஒப்பிடும்போது நுவரெலியாவின் பின்னடைவை இந்த முறை கவனத்தில் எடுக்கிறது. ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் நகரத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளிதான். இதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களில். நடுவில் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. ஏழ்மை தனிப்பட்ட குடும்பத்தின் குறை அல்ல, சட்டங்களும் தீர்மானங்களும் சேர்ந்து உருவாக்கியது என்று தெரியவரும்போது, பின்னே நிற்கும் பிள்ளைக்கு வெட்கப்பட எதுவும் இல்லாமல் போகிறது. முன்னே நிற்பவருக்கும் குற்றவுணர்வு தேவையில்லை. ஆனால் பொறுப்பு இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிள்ளையின் வாழ்க்கையைப் பாடப்பொருளாக்காதீர்கள். அமைப்பைப் பாடப்பொருளாக்குங்கள். பேசுவதா இல்லையா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

அன்று வகுப்பு முடியும் நேரம் அந்த மாணவி அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் பிள்ள ஸ்கூலுக்கு எவ்வளவு தூரம் நடந்து வருதுன்னு இதுல எழுதலயே மிஸ்?"

நான் எழுத மறந்திருந்தேன். அவரிடமே பேனையைக் கொடுத்தேன்.