பந்தயக் காரின் மூக்கு

பந்தயக் காரின் மூக்கு எதற்காக என்று வினவினால், காற்றைக் கிழித்துச் செல்வதற்காக என்றே பலரும் விடை கூறுவர். அது பாதி உண்மையே. எதிர்வரும் காற்றைப் பங்கிட்டு, உரிய இடங்களுக்குச் செலுத்துவதே மூக்கின் தலையாய பணி. பார்முலா 1 பந்தயக் கார்களைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

காரின் அடித்தட்டுக்கும் தரைக்கும் இடையேயுள்ள குறுகிய வழியில் காற்று விரைந்தோடும்போது, அங்கே அழுத்தம் குறைகிறது. மேலேயுள்ள மிகுந்த அழுத்தம் காரைத் தரையோடு அமுக்குகிறது. டயர்கள் பாதையை இறுகப் பற்றுவதால், வளைவுகளிலும் வேகமாகத் திரும்ப இயலுகிறது.

தாழ்ந்த மூக்கு இக்காற்றுக்குத் தடையாகும். முன்னிறக்கையின் நடுப்பகுதியையும் அடைத்துக்கொள்ளும். 1990-இல் டிரெல் 019 என்னும் கார் மூக்கை உயர்த்தி இக்குறையைப் போக்கியது. ஹார்வி போஸ்டில்த்வைட்டும் ழான் குளோட் மிஜோவும் வகுத்த அமைப்பு அது. மூக்கின் இருபுறமும் இறக்கை சரிந்து இறங்கியது. அடியில் காற்றுக்கு அகன்ற வழி பிறந்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய அக்காரில் ழான் அலேசி அவ்வாண்டு மொனாக்கோவில் இரண்டாம் இடம் பெற்றார். நாளடைவில் ஏனையோரும் மூக்கை உயர்த்தலாயினர்.

ஆயினும் உயர்ந்த மூக்கில் அபாயம் உண்டு. பக்கவாட்டில் மோதினால், அது மற்றோர் ஓட்டுநரின் தலையருகே வந்துவிடும். முன்செல்லும் காரின் பின்சக்கரத்தின்மீது ஏறினால், கார் மேலெழும்பவும் கூடும். அவ்வாறு எழும்புவது எத்துணைக் கொடியது என்பதை 2010-இல் வலென்சியாவில் கண்டோம். முன்சென்ற காரில் மோதிய மார்க் வெப்பரின் கார் அந்தரத்தில் புரண்டு விழுந்தது. அவர் காயமின்றித் தப்பியது நற்பேறே.

2014-இல் மூக்கு நுனியின் உயர வரம்பு 550 மில்லிமீட்டரிலிருந்து 185 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. காற்றை இழக்க மனமில்லாத பொறியாளர்கள் பலவழி தேடினர். ஃபெராரி அகன்று சரிந்த தட்டை மூக்கை அமைத்தது. லோட்டஸ் தந்தங்களைப் போல் இரு கொம்புகளை நீட்டி, நடுவே காற்றுக்கு வழிவிட்டது. வேறு சிலர் விரல் போன்ற மெல்லிய நுனியை மட்டும் தாழ்த்தி, எஞ்சிய பகுதியை உயர்த்தியே வைத்தனர். குட்டையான மூக்குடைய மெர்சிடிஸ் அவ்வாண்டின் 19 பந்தயங்களில் 16-ஐ வென்றது. அவ்வெற்றியில் எஞ்சினுக்குப் பெரும்பங்கு உண்டாகையால், முழுப் புகழையும் மூக்குக்கே சூட்டுதல் நேர்மையாகாது.

இவற்றுள் சிறந்தது எது என்று நேயர்கள் கேட்கலாம். காற்றோட்டத்தை மட்டும் நோக்கினால் உயர்ந்த மூக்கே மேல் என்பேன். ஆனால் அதே பாதையில் மற்றவர்களும் கார் ஓட்டுகிறார்கள். அவர்கள் உயிருக்கு ஊறு செய்யாத அளவில்தான் அந்த மேன்மையை நாம் ஏற்க முடியும்.