பழுதான உடுப்புத் தோய்க்கும் மெஷினை என்ன செய்வது?

சென்ற மாரி முடிந்த கையோடு துணுக்காயில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். முற்றத்து வேப்பமரத்தின் கீழ் மூடி கழன்ற ஓர் இரட்டைத் தொட்டித் தோய்க்கும் மெஷின் நின்றது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசில் வாங்கியது. இரண்டு வருடமாக ஓடவில்லையாம். ஒரு தொட்டிக்குள் பேரன் ஏறியிருந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். மற்றதில் மழைத் தண்ணீர் நின்றது. அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. "எறியவும் மனம் வரேல்லை, வைச்சிருந்தும் பிரயோசனமில்லை" என்றார் அந்த அம்மா.

மனம் வராததற்குக் காரணம் எமக்கு விளங்கும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் நாம். காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பிவிட்டுப் போகும். பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் ஓர் ஆணியைக்கூட எறிந்ததில்லை. 2008இல் இங்கிருந்தும் எழும்பி, 2009இன் கடைசியிலும் அதற்குப் பிறகும் திரும்பி வந்தவர்கள் வெறும் காணியில்தான் மீண்டும் தொடங்கினார்கள். இப்படி வந்த சிக்கனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதனோடு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வயரைக் குவித்து எரித்து உள்ளிருக்கும் செம்பை எடுப்பதுதான் அது. நாமும் எரித்திருக்கிறோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

முதலில், மெஷின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். எமது கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே மெஷினின் குழாய்களிலும் படிந்து அடைத்துவிடுகிறது. மோட்டர் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் பல வேளைகளில் பழுதாவது கப்பாசிற்றர் மாத்திரமே. மோட்டருக்குத் தொடக்க வலுக் கொடுக்கின்ற, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சாமான் அது. பட்டி அறுந்திருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம். இவை எல்லாம் திருத்தக்கூடியவை. தெரிந்த மின் வேலையாள் ஒருவரிடம் காட்டாமல் மெஷினைக் கழித்துவிட வேண்டாம்.

திருத்தவே முடியாது என்று தெரிந்த பிறகுதான் கழற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒரு நாளாவது விடுங்கள். அப்படியிருந்தும் கப்பாசிற்றருக்குள் மின் தேங்கி நிற்கக்கூடும். அதன் இரு முனைகளையும் கையால் தொடக்கூடாது. பழைய குண்டு பல்பு ஒன்றைப் பிடியுடன் எடுத்து, அதன் இரண்டு வயர்களையும் அந்த முனைகளில் சற்று நேரம் பிடித்தால் தேங்கியது இறங்கிவிடும். வயரின் வெறும் நுனியில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பிள்ளைகளுக்கு விடும் வேலையல்ல.

உள்ளே பெறுமதியானது மோட்டர்தான். இரட்டைத் தொட்டி மெஷினில் தோய்க்க ஒன்று, பிழிய ஒன்று என இரண்டு மோட்டர்கள் இருக்கும். இங்கே ஏமாற இடமுண்டு. சுற்றியிருக்கும் கம்பி வெளியே செம்பு நிறமாகத் தெரிந்தாலும், அது பூச்சின் நிறமாக இருக்கலாம். பிளேட்டால் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம்; செம்பின் விலை கிடைக்காது. முழுத் தன்னியக்க மெஷினாக இருந்தால் உள் தொட்டி பெரும்பாலும் கறள் பிடிக்காத உருக்கு. முன்பக்கம் கதவு உள்ளவற்றில் கொங்கிறீற் கட்டிகள் இருக்கும். மெஷின் துள்ளாமல் இருக்கப் பாரத்துக்காக வைத்தவை அவை. இரும்புக்காரர் அவற்றைக் கழித்துத்தான் நிறுப்பார். கழற்றிய மோட்டரை அரைக்கும் கல்லுக்கோ வேறு எதற்கோ வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஆசை சிலருக்கு வரும். நில இணைப்பு இல்லாமல், ஈரக் கையோடு அதைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. கழற்றிய வயரை எடுத்துப் பன்றிக்கும் யானைக்கும் என்று வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது அதைவிட மோசம். அது சட்டவிரோதமானது, இரவில் அந்த வழியால் வருகிறவர் அயலவராகவும் இருக்கலாம்.

இனி எரிக்கும் கதை. வயரின் மேலுறை பெரும்பாலும் பீவீசீ என்ற பிளாஸ்ரிக். அதில் குளோரின் உண்டு. எரித்தால் மூக்கையும் நெஞ்சையும் அரிக்கும் அமிலப் புகை வரும். அதோடு டயொக்சின் என்ற நச்சுப் பொருள்களும் உண்டாகும். செம்பு சேர்ந்திருந்தால் அவை இன்னும் கூடுதலாக உண்டாகின்றன. இவற்றுள் மிகக் கொடியதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியது. புகை போனதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. சாம்பலும் தூசும் மண்ணிலும் புல்லிலும் படியும். கோழி அந்த மண்ணைக் கிளறும், மாடு அந்தப் புல்லை மேயும். டயொக்சின் கொழுப்பில் தங்குவதால் முட்டையிலும் பாலிலும் வந்து நிற்கும். ஆபிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் அக்பொக்புளோசி என்றொரு பழைய இரும்புச் சந்தை இருந்தது. அங்கே பல வருடங்களாக வயர் எரித்தார்கள். அந்த இடத்துக் கோழிகளின் முட்டைகளைச் சோதித்தபோது மிக அதிகமான டயொக்சின் இருந்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021இல் அந்தச் சந்தை இடிக்கப்பட்டுவிட்டது. முட்டை விற்றுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் எமது வீடுகளில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வயர் எரிக்கலாமா என்பதை நீங்களே யோசியுங்கள். பழைய வயர் உறைகளில் ஈயமும் கலந்திருப்பதுண்டு. எரித்த சாம்பலில் விளையாடும் குழந்தையின் கை நேரே வாய்க்குத்தான் போகும்.

செம்பு வேண்டுமென்றால் கத்தியால் நீளப்பாட்டுக்குக் கீறி உரியுங்கள். நேரமில்லை என்றால் உரிக்காமலே விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எரிக்காவிட்டாலும், பற்றைக்குள்ளோ பாழ்கிணற்றுக்குள்ளோ உருட்டிவிடுவோரும் இருக்கிறார்கள். கைவிட்ட கிணறும் நாம் குடிக்கும் கிணறும் நிலத்தின் கீழே ஒரே தண்ணீர்தான். எண்ணெயும் கிறீசும் கறளும் அதில் ஊறும். வாய்க்காலில் போட்டால் துருசில் போய் அடைக்கும். வயலுக்குத் தண்ணீர் விடும் காலத்தில்தான் அது தெரியவரும். முற்றத்தில் விட்டாலும் தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீரே போதும். ஒரு தொட்டி கிடைத்தால் கேட்கவும் வேண்டுமா? 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். முன்பக்கக் கதவுள்ள மெஷினாக இருந்தால், கதவை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஒளித்து விளையாடும் பிள்ளை உள்ளே போய்க் கதவு பூட்டிக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். பழைய குளிர்சாதனப் பெட்டிக்கும் இது பொருந்தும். ஆனால் அதன் குழாயை வெட்ட வேண்டாம்; உள்ளே வாயு இருக்கும்.

யாரிடம் கொடுப்பது? சுவிற்சர்லாந்தில் உறவுகள் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள். அங்கே புதிய மெஷின் வாங்கும்போதே அதைக் கழிப்பதற்கான கட்டணத்தையும் கட்டிவிடுகிறார்கள். பழையதை அவ்வகைச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம். பழையதைக் கடைகள் திருப்பி எடுக்க வேண்டும் என்பது 1998 முதல் அங்கே சட்டம். எமக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் இலங்கையிலும் 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, மின்சாதனக் கழிவைச் சேகரித்துக் கையாள்வோர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். பிரதேச சபையில் விசாரியுங்கள். வீட்டுக்கு வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதானால் முழுதாகவே கொடுங்கள். வயரை என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இரும்புக்காரருக்கென்று சேர்த்து வைக்கும் குவியலில் காணியிலோ காட்டோரத்திலோ கண்டெடுத்த எதையும் போட வேண்டாம். கறள் பிடித்த குழாய் போலத் தெரிவது வெடிபொருளாக இருக்கலாம். முல்லைத்தீவு மாவட்டத்தில் வெடிபொருள் அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்த இலங்கைக்கு 2028 ஜூன் வரை தவணை இருக்கிறது. அப்படி எதையும் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

நாம் பார்த்த மெஷினில் எலி வயரைக் கடித்து ஒரு மோட்டர் எரிந்துபோயிருந்தது. மற்ற மோட்டர் நல்லதாக இருந்ததால் திருத்துபவர் எடுத்துக்கொண்டார். உடல் பழைய இரும்போடு போயிற்று. பிழியும் கூடையை மட்டும் அந்த அம்மா கொடுக்கவில்லை. ஏற்கெனவே ஓட்டை உள்ளதுதானே என்று எருவும் மண்ணும் நிரப்பிக் கத்தரி நாற்றுப் போட்டிருக்கிறார். பேரனுக்குத்தான் பஸ் போன கோபம்.