பழந்துணியின் கணக்கு

தீபாவளியும் பொங்கலும் முடிந்தால் தில்லியில் நம் வீடுகளில் பழைய துணி மூட்டை ஒன்று சேர்ந்துவிடும். பாத்திரக்காரியிடம் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்குவோர் உண்டு. பை தைக்கும் மாதர் குழுக்களிடம் கொடுப்போரும் உண்டு. "இத்தனை கிலோ திரட்டினோம்" என்று குழுவினர் அறிக்கை படித்ததும் நாம் மகிழ்கிறோம். ஆனால் திரட்டிய எடை வேறு; விளைந்த பயன் வேறு. பயனை அளப்பது எப்படி என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், துணி எங்கே போகிறது? பாத்திரத்துக்கு மாற்றிய துணிகள் மேற்கு தில்லி ரகுபீர் நகர் சந்தையில் கைமாறி, உடுத்தத் தக்கவை மறுவிற்பனைக்குப் போகின்றன. சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள பானிபட்டில் பழைய கம்பளி உடைகளை நிறவாரியாகப் பிரித்து, இயந்திரத்தில் கிழித்து நாராக்கி, மறுபடி நூலாக நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். நிறம் பார்த்துப் பிரிப்பதால் புதிதாகச் சாயமேற்றும் வேலை பெரிதும் மிச்சம். நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துணியும் இவ்வாறே நூலாகிறது. தில்லியில் 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, பழந்துணியிலிருந்து பெண்களுக்கான மாதவிலக்குத் துணிகளைத் தயாரிக்கிறது. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

பயனை அளக்க நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, வந்ததில் எவ்வளவு பொருளாயிற்று? 100 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ உடுத்தக் கொடுத்தாயிற்று; 30 கிலோவில் 200 பைகள் தைத்தாயிற்று; 20 கிலோ குப்பைக்குப் போயிற்று. அந்த 20-ஐயும் அறிக்கையில் எழுத வேண்டும்.

இரண்டு, அது எதற்குப் பதிலாக வந்தது? 200 பைகளில் 120 கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால், பயன் மீதி 80 பைகளுக்குத்தான். இங்கே ஒரு தவறும் நேர்வதுண்டு. ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. அதை வைத்து, "பழைய சட்டையைப் பையாக்கினோம், 2,700 லிட்டர் மிச்சம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் பருத்தி விளைந்து சட்டையானபோதே செலவாகிவிட்டதே! பழந்துணிப் பை இருப்பதால் ஒருவர் புதுப் பை வாங்காமலிருந்தால், அந்தப் புதுப் பைக்கு ஆகும் தண்ணீர்தான் மிச்சம்.

மூன்று, யாருக்கு எத்தனை நாள் கூலி கிடைத்தது? தைத்த பெண்ணின் கைக்கு வந்த ரூபாயை எழுதவேண்டும். "பலர் பயனடைந்தனர்" என்பது கணக்காகாது.

நான்கு, பொருள் எத்தனை நாள் உழைத்தது? இரண்டாம் முறை காய்கறி வாங்கும்போதே காது அறுந்த பை, திரும்பவும் குப்பைதான்.

இவற்றோடு தீமையையும் கழிக்கவேண்டும். துணியைக் கிழிக்கும்போது பறக்கும் தூசி தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். முகமூடி கொடுத்தார்களா, காற்று வெளியேற வழி இருந்ததா என்று கேட்பதும் கணக்கில் சேர்ந்ததே.

துணி கொடுக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. துவைத்துக் காயவைத்து, பருத்தி வேறு, பாலியெஸ்டர் வேறு, கம்பளி வேறு என்று பிரித்துக் கட்டுங்கள். பொத்தானைப் பிய்க்காமல் விடுங்கள். குப்பைக்குப் போகும் அந்த 20 கிலோ நம் வீட்டிலேயே குறையத் தொடங்கும்.