நாசிக் திராட்சைத் தோட்டங்களில் ஒரு நாள்

மும்பையிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாசிக், திராட்சைக்கும் ஒயினுக்கும் பெயர் பெற்றது. அங்குள்ள ஒயின் ஆலைகளை வழிகாட்டியுடன் ஒரே நாளில் சுற்றிப் பார்க்கலாம். அறுவடை நடைபெறும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே உகந்தது.

1997-இல் முதற்கொடிகள் நடப்பட்ட சூலா தோட்டத்தில், பழம் பிழிவது, எஃகுக் கலன்களில் நொதிப்பது, ஓக் பீப்பாய்களில் முதிர்வது என ஒவ்வொரு படியையும் விளக்குகின்றனர். சுவைத்தபின் வாகனம் ஓட்டலாகாது. ஓட்டுநருடன் வாடகைக் கார் அமர்த்திக்கொள்வது நன்று.

வேளாண் கடன் விண்ணப்பங்களை மேசையிலேயே ஆராய்ந்து பழகிய எனக்கு, கொடிவரிசைகளுக்கிடையே நடந்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. நட்ட கொடி நல்ல விளைச்சல் தர 3 ஆண்டுகள் வரை ஆகும். அவ்விளைச்சலை அழிக்க ஓரிரவு ஆலங்கட்டி மழை போதும். தவணைக்கு அவகாசம் கேட்கும் உழவரின் குரல் அன்றுமுதல் எனக்கு வேறாக ஒலிக்கிறது.