உங்களுக்குத் தெரியுமா? பேரீச்ச மரம் சொல்லும் உணவு முறை

எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று மக்களுக்குச் சொல்ல, பல நாடுகள் பிரமிடு படத்தைத்தான் வரைந்தன. சவூதி அரேபியா 2012-இல் பேரீச்ச மரத்தை வரைந்தது. லெபனான் 2013-இல் தன் கொடியிலுள்ள கேதுரு மரத்தை எடுத்துக்கொண்டது. கத்தாரின் வழிகாட்டிக்குச் சிப்பி வடிவத் தட்டு. உணவை வீணாக்காதீர்கள், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்ற அறிவுரையும் அதில் உண்டு.

படம் மட்டும் உள்ளூராக இருந்தால் போதாது. ஓட்ஸ் சாப்பிடுங்கள் என்பதைவிட, அரபு வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் புர்குல் என்ற கோதுமை ரவையைச் சொன்னால்தான் சமையலறையில் எடுபடும்.

ரமலானில் இப்படி உள்ளூர் உணவைச் சொல்வது இன்னும் முக்கியம். பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறப்பது அருமையான வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றவே வேண்டாம். ஆனால் பெரிய மெட்ஜூல் பழம் ஒன்றில் சுமார் 66 கலோரி, 16 கிராம் சர்க்கரை. மூன்று சாப்பிட்டாலே 200 கலோரி ஆகிவிடும். அடுத்து எண்ணெயில் பொரித்த சம்பூசாவுக்கும் பாகில் ஊறிய கத்தாயிஃபுக்கும் போகாமல், பருப்பு சூப்பும் ஃபத்தூஷ் சாலடும் முதலில் வந்தால் வயிறும் நிறையும், நார்ச்சத்தும் கிடைக்கும். இரண்டுமே நோன்பு திறக்கும் மேசையில் வழக்கமாக இருப்பவைதான்.